அழைப்பிதழ், சான்றிதழுக்கான வனப்பெழுத்து எழுத்துருக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழைப்பிதழ், சான்றிதழ், பாராட்டு மடல் என எதை வடிவமைத்தாலும், வளைந்து நெளியும் அந்த ஆங்கில எழுத்தைப் பற்றி ஒரே ஐயங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். இரண்டாவது பதிலை மட்டும் தவிர்க்காமல் படித்துவிடுங்கள். பின்னால் வரும் பாதிப் பதில்கள் அதன்மேல்தான் நிற்கின்றன.

ஸ்கிரிப்ட், கர்சிவ், கேலிகிராஃபி, இட்டாலிக்: எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல. கேலிகிராஃபி, அதாவது வனப்பெழுத்து, கையால் எழுதும் கலை. கர்சிவ் என்பது பேனாவை எடுக்காமல் எழுத்துகளைத் தொடுத்து எழுதும் முறை. ஸ்கிரிப்ட் என்பது அத்தகைய கையெழுத்தைப் பார்த்து உருவாக்கிய எழுத்துரு வகை. இட்டாலிக்கின் பிறப்பிடமும் கையெழுத்துதான். வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் 1501இல் ஒரு நூல் முழுவதையும் அதிலேயே அச்சிட்டார். ஆனால் இன்று அது நேர்நிற்கும் எழுத்துக்குச் சாய்ந்த துணையாக ஒடுங்கிவிட்டது.

ஸ்கிரிப்டிலும் இரண்டு குணம் உண்டு. 1942இன் பிரஷ் ஸ்கிரிப்ட், 1953இல் ரோஜே எக்ஸ்கோஃபோன் வரைந்த மிஸ்ட்ரல் போன்றவை இயல்பாகக் கிறுக்கிய தோற்றம் தருபவை. அவற்றுக்குக் கடைப்பலகையும் சுவரொட்டியும் பொருத்தமான இடங்கள். இந்தப் பக்கம் முறையான விழாக்களுக்குரிய மற்றொரு வகையைப் பற்றியது.

எனக்கு எல்லா ஸ்கிரிப்ட் எழுத்தும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. எப்படித்தான் பிரித்துப் பார்க்கிறீர்கள்?

எந்தப் பேனா எழுதியது என்று பார்க்கிறேன். அவ்வளவுதான். முதல் வகை அகலமுனைப் பேனா. அதன் முனை உளியைப் போலத் தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். ஒரே கோணத்தில் பிடித்து எழுதினால், கோடு எந்தத் திசையில் போகிறதோ அதற்கேற்பத் தடிமன் மாறும். கை அழுத்தத்துக்கு வேலை இல்லை. ரோமில் லுடோவிகோ அர்ரிகி 1522இல் மாதிரிப் புத்தகம் போட்டுக் கற்றுத்தந்த சான்சரி எழுத்து இந்தப் பேனாவினுடையது. ஹெர்மன் ஸாஃப் வரைந்த ஸாஃப் சான்சரி (1979), ஸாஃபினோ (1998) ஆகிய இரண்டும், மோனோடைப் கொர்சிவாவும் இந்த மரபில் வருகின்றன.

இரண்டாவது கூர்முனைப் பேனா. கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் முனையின் இரு கால்களும் விரிந்து தடித்த கோடு விழும். மேல்நோக்கிப் போகும்போது அழுத்தம் இல்லாததால் மயிரிழைதான் மிஞ்சும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் எழுத்தாசான்கள் வளர்த்த ரவுண்ட் ஹேண்ட் இதுதான். அவர்களது மாதிரிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டதால் காப்பர்பிளேட் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாகச் செதுக்கி வெளியிட்ட மாதிரித் தாள்களை இன்றும் எழுத்துரு வரைபவர்கள் புரட்டுகிறார்கள். சார்லஸ் ஸ்னெல் என்ற ஆசானின் எழுத்தைப் பார்த்து மேத்யூ கார்ட்டர் 1965இல் வரைந்தது ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட். ரிச்சர்ட் லிப்டனின் பிக்கம் ஸ்கிரிப்ட், எட் பெங்குயட்டின் எட்வர்டியன் ஸ்கிரிப்ட், இலவசமாகக் கிடைக்கும் பின்யான் ஸ்கிரிப்ட் ஆகியவையும் இந்தக் கூட்டம். அமெரிக்காவில் பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர் இதையே மெலிதாக்கி விரைந்து எழுதும்படி மாற்றினார். கோகோ கோலாவின் சின்னம் அந்த ஸ்பென்சேரியன் பாணியில் எழுதப்பட்டதுதான்.

பிரித்தறிய ஒரு வழி: மேலே ஏறும் கோடுகளைப் பாருங்கள். எல்லாமே மயிரிழையாக இருந்தால் கூர்முனை. ஏறும் கோட்டிலும் சதை இருந்தால், கோடுகளின் முனைகள் சாய்வாக வெட்டியதுபோல் முடிந்தால், அகலமுனை. சாய்வும் உதவும். கூர்முனை எழுத்து நன்றாகப் படுத்திருக்கும். காப்பர்பிளேட்டுக்கு அடிக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 55 டிகிரி, ஸ்பென்சேரியனுக்கு 52. சான்சரி இலேசாகத்தான் சாயும்.

காப்பர்பிளேட் என்று தேடினால் பட்டையான கேபிடல் எழுத்துதான் வருகிறதே?

அது காப்பர்பிளேட் காத்திக். பிரெடெரிக் கௌடி 1901இல் வரைந்தது. முனைகளில் பொடிப்பொடி முட்களோடு, சிறிய எழுத்தே இல்லாமல், அலுவலக முகவரி அட்டைகளில் நிமிர்ந்து உட்காரும். பேனாவோடு அதற்கு உறவில்லை. காப்பர்பிளேட் ஸ்கிரிப்ட் என்றோ ரவுண்ட்ஹேண்ட் என்றோ தேடுங்கள்.

திருமணத்துக்கு எது, சான்றிதழுக்கு எது என்று விதி ஏதாவது உண்டா?

விதி இல்லை, என் சாய்வைச் சொல்கிறேன். இரண்டு மூன்று பெயர்களே பெரிதாக நிற்கும் அழைப்பிதழுக்குக் கூர்முனை எழுத்து. பாராட்டு வாசகம், உறுதிமொழி என்று நான்கைந்து வரி ஓடும் தாளுக்கு அகலமுனை. காரணம் அழகைப் பற்றியதல்ல. அகலமுனை எழுத்தில் மயிரிழை குறைவு என்பதால் சிறிய அளவிலும் படிக்க முடிகிறது.

இரங்கல் அட்டைக்கு ஸ்கிரிப்ட் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். தாராளமாகப் போடலாம், துள்ளாத ஒன்றாக இருந்தால் போதும். மேத்யூ கார்ட்டரே 1972இல் வரைந்த ஷெல்லி ஸ்கிரிப்ட் மூன்று வடிவங்களில் வந்தது: ஆண்டான்டே, அலெக்ரோ, வொலான்டே. இசைக்குறிப்பிலிருந்து எடுத்த பெயர்கள். முதலாவதில் சுழி மிகக் குறைவு, மூன்றாவதில் பறக்கும். ஒரே எழுத்து துக்கத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் எப்படி மாறுகிறது என்பதை அந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே விளங்கிவிடும்.

முழு அழைப்பிதழையும் இதே எழுத்தில் அடித்தால்தானே ஒரே சீராக இருக்கும்?

சீராக இருக்கும், யாரும் படிக்கமாட்டார்கள். எழுத்துகளின் உருவத்தைச் சட்டென்று பிரித்தறிய முடிந்தால்தான் வேகமாகப் படிக்கிறோம். ஸ்கிரிப்டில் எல்லாச் சொற்களும் ஒரே சாய்வில் ஒரே அலையாக ஓடுவதால் அந்த உருவ வேறுபாடு மங்கிவிடுகிறது. இரண்டு வரி வரை கண் பொறுத்துக்கொள்ளும். அதற்குமேல் தேதியையும் இடத்தையும் தேட வேண்டியதாகிவிடும்.

பெயர்கள், மிஞ்சிப்போனால் தலைப்பு வரி. இவை போதும். முகவரி, நேரம், தொலைபேசி எண், மின்னஞ்சல் எதுவும் ஸ்கிரிப்டில் வரவே கூடாது. மின்னஞ்சல் முகவரியை ஸ்கிரிப்டில் அடித்து, யாரும் பதில் போடவில்லை என்று வருந்துபவர்களை அறிவேன்.

பெயர் எடுப்பாகத் தெரியட்டும் என்று கேபிடலில் அடித்தேன். ஏன் இவ்வளவு அசிங்கமாக இருக்கிறது?

ஸ்கிரிப்டின் கேபிடல் எழுத்து ஒரு சொல்லைத் தொடங்கிவைக்க மட்டுமே எழுதப்பட்டது. அதன் இடப்பக்கச் சுழி வெற்றிடத்தில் வீசுவதற்காக, வலப்பக்க முனை சிறிய எழுத்தோடு சேர்வதற்காக. எட்டுக் கேபிடலை வரிசையாக நிறுத்தினால் ஒன்றின் சுழி மற்றொன்றின் வயிற்றில் குத்தும். எந்த எழுத்துருவை மாற்றினாலும் இது தீராது.

முன்னெழுத்து உள்ள பெயர்களில் இதே சிக்கல் சிறிய அளவில் வரும். எஸ். கே. ஆர். என்று மூன்று கேபிடல் முன்னே நின்றால் பெயரைவிட முன்னெழுத்துகளே கூச்சல் போடும். எழுத்துருவில் சுழி குறைந்த மாற்றுக் கேபிடல்கள் இருந்தால் முன்னெழுத்துகளுக்கு அவற்றைப் போடுங்கள். இல்லையென்றால் முன்னெழுத்தை மட்டும் துணை எழுத்துருவில் சிறிதாக வையுங்கள். முன்னெழுத்தின் விரிவைக் கேட்டு வாங்கி முழுப்பெயராக அடிப்பது இன்னும் நல்லது.

சான்றிதழ் வேலையில் பெயர்ப் பட்டியல் எக்செலில் முழுக் கேபிடலாகத்தான் வந்து சேரும். புரோப்பர் ஃபார்முலா போட்டு மாற்றலாம், ஆனால் நம்பிவிடாதீர்கள். புள்ளியில்லாமல் சேர்த்தெழுதிய முன்னெழுத்துகளில் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக விட்டு மற்றவற்றைச் சிறிதாக்கிவிடும். நடுவில் கேபிடல் வரும் குடும்பப் பெயர்களையும் குலைக்கும். மாற்றிய பட்டியலை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி கொடுத்தால் படிக்க எளிதாகாதா?

மற்ற எழுத்துருக்களில் ஆகும். இங்கே ஒவ்வோர் எழுத்தின் வால் நுனியும் அடுத்த எழுத்தின் தொடக்கத்தைச் சரியாகத் தொடும்படி வரைந்திருக்கிறார்கள். இடைவெளியைச் சற்றே கூட்டினாலும் இணைப்பு அறுந்துவிடும். ஈய எழுத்துக் காலத்தில் இந்த இணைப்புக்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல: 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் ஃபிர்மான் டிடோ, சாய்ந்த உடல்கொண்ட துண்டுகளாக எழுத்தைப் பிரித்து வார்த்து, அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி செய்தார். ஈயத்துக்குப் பதில் ஒளிப்படம் வழியே எழுத்துக் கோக்கும் ஒளியச்சுக்கோப்பு வந்தபிறகுதான் எழுத்துகள் தடையின்றி ஒன்றன்மேல் ஒன்று ஏற முடிந்தது. ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் அந்த வசதியை நம்பிப் பிறந்தது.

நீங்கள் இடைவெளியைத் தொடாமலேயே இணைப்பு அறுந்திருந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, பத்தியை இருபுறமும் சமமாகச் சீர்செய்திருக்கிறீர்களா? சில மென்பொருள்கள் வரியை நிரப்ப எழுத்துகளை விலக்கும். இரண்டு, இன்டிசைன் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் கெர்னிங் (எழுத்திடைவெளி) ஆப்டிகல் என்று இருக்கிறதா? மெட்ரிக்ஸ் என மாற்றினால் எழுத்துருவை வரைந்தவர் தந்த அளவு திரும்ப வரும்.

போல்டு போடலாமா? அகலத்தை இழுக்கலாமா?

கூடாது. மென்பொருள் தானாகச் செய்யும் போல்டு, தடித்த கோட்டையும் மயிரிழையையும் ஒரே அளவுக்கு ஊதிவிடும். அப்படிக் கோடு போடும் பேனா உலகில் இல்லை. தடித்த வடிவம் வேண்டுமென்றால் பிக்கம் ஸ்கிரிப்டைப் போல, ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டைப் போல, அதைத் தனியே வரைந்து தந்திருக்கும் எழுத்துருவைத் தேடுங்கள்.

எத்தனை பாயின்ட் வைக்க வேண்டும்? 12 போதாதா?

போதாது. கூர்முனை எழுத்தில் மேலும் கீழும் நீளும் கால்களே பாதி உயரத்தைத் தின்றுவிடும். சிறிய எழுத்தின் உடல் குட்டையானது. சாதாரணப் புத்தக எழுத்தின் 12 பாயின்ட்டுக்கு நிகராகத் தெரிய ஸ்கிரிப்ட் 18 முதல் 20 வரை போக வேண்டியிருக்கும். பெயர்களுக்கு நான் 30க்குக் கீழே இறங்குவதில்லை. அகலமுனை எழுத்து 14, 15 வரை இறங்கினாலும் தாங்கும். ஸாஃபினோ மட்டும் விதிவிலக்கு. அதே பாயின்ட்டில் மற்ற எழுத்துருக்களைவிட மிகப் பெரிதாகத் தெரியும், வரிகளை ஏணிப்படிபோல் தள்ளி வைக்கும்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அசல் அளவில் ஒரு தாள் அச்சிட்டு, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். அந்தத் தொலைவில் பெயர் எழுத்துக்கூட்டாமல் வாசிக்க வரவேண்டும்.

கூடவே எந்த எழுத்துருவைச் சேர்ப்பது? இரண்டு ஸ்கிரிப்ட் சேர்க்கலாமா?

இரண்டு ஸ்கிரிப்ட் வேண்டாம். ஒரே மேடையில் இருவர் ஒரே நேரத்தில் பாடியதுபோல் ஆகும். துணைக்கு நிமிர்ந்து நிற்கும் எழுத்தை எடுங்கள். இங்கேயும் பேனா கைகொடுக்கும். கூர்முனை ஸ்கிரிப்டோடு பாஸ்கர்வில், டிடோ, பொடோனி நன்றாக ஒத்துப்போகும். தடித்த கோடும் மெல்லிய கோடும் எதிரெதிராக நிற்கும் குணம் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஜான் பாஸ்கர்வில் அச்சுத்தொழிலுக்கு வருமுன் எழுத்துப் பயிற்சி ஆசானாக இருந்தவர் என்பதும் தற்செயல் அல்ல. சான்சரியோடு காரமாண்டையும், ஸாஃப் வரைந்த பலடினோவையும் வையுங்கள். அவை அகலமுனையின் வழிவந்தவை.

முட்கள் இல்லாத மெல்லிய எழுத்தைச் சேர்ப்பதும் நடக்கிறது. அதில் தவறு ஏதுமில்லை. ஆனால் அப்போது ஸ்கிரிப்டின் சுழிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டும் வெவ்வேறு தாளிலிருந்து வெட்டி ஒட்டியவைபோல் நிற்கும்.

தேதியின் எண்களை ஸ்கிரிப்டிலேயே விடலாமா?

நாளும் மாதமும் மட்டும் பெரிதாக நிற்கும் அலங்காரமானால் விடலாம். நேரத்துக்கும் கதவு எண்ணுக்கும் கூடாது. பல ஸ்கிரிப்ட் எழுத்துருக்களில் 1உம் 7உம் நெருங்கிய சொந்தம். எண்ணைச் சொல்லாக எழுதிவிடுவது முறையான அழைப்பிதழ்களில் நெடுநாளாக உள்ள வழக்கம்; அது இந்தச் சிக்கலையும் தீர்க்கிறது.

மாதிரிப் படத்தில் அவ்வளவு சுழிகள் இருந்தன. நான் தட்டச்சு செய்தால் சாதாரணமாக வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்றவில்லை. சுழிகள் எழுத்துருவுக்குள் உறங்குகின்றன. நீங்கள் எழுப்ப வேண்டும். முன்பு ஓர் எழுத்துருக் கோப்பில் 256 இடங்கள்தான் என்பதால் மாற்று வடிவங்களைத் தனித்தனி எழுத்துருக்களாக விற்றார்கள். 1996இல் மைக்ரோசாஃப்டும் அடோபியும் அறிவித்த ஓப்பன்டைப் அந்தத் தடையை நீக்கியது. இன்று ஒரே கோப்பில் ஓர் எழுத்துக்குப் பல வடிவங்கள் இருக்கும். சொல்லின் முதலில் ஒன்று, இறுதியில் ஒன்று, இரட்டித்து வந்தால் இன்னொன்று. ஸாஃபினோவில் அதன் பெயரையே தட்டச்சு செய்து பாருங்கள், முழுச்சொல்லும் ஒரே சித்திரமாக மாறும்.

இன்டிசைனிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் கிளிஃப்ஸ் பலகையைத் திறந்து வேண்டிய வடிவத்தை இருமுறை சொடுக்கினால் போதும். வேர்டில், 2010 பதிப்பு முதல், ஃபாண்ட் பெட்டியின் அட்வான்ஸ்டு பக்கத்தில் லிகேச்சர் (கூட்டெழுத்து), ஸ்டைலிஸ்டிக் செட் (மாற்று வடிவத் தொகுப்பு), கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்நேட் (இடத்துக்கேற்ற வடிவம்) ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். பல பதிப்புகளில் அவை தாமாக இயங்கமாட்டா. ஸ்வாஷ் (சுழி) என்ற தெரிவு அங்கே தனியாக இல்லை, ஆகவே சில சுழிகள் வேர்டில் கிடைக்கவே கிடைக்காது.

எத்தனை சுழி வைக்கலாம்?

ஒரு பெயருக்கு ஒன்று. தொடக்கத்தில் வையுங்கள், அல்லது இறுதியில். இரண்டு பக்கமும் வைத்தாக வேண்டும் என்றால் பக்கத்துப் பெயர் சும்மா இருக்கட்டும். செய்நேர்த்தியுள்ள வனப்பெழுத்துக் கலைஞர்கள் சுழியை வெற்றிடம் இருக்கும் பக்கம்தான் வீசுவார்கள். மேல்வரியின் கால்களுக்கிடையே நுழைக்கமாட்டார்கள்.

தமிழுக்கு இப்படி எழுத்துரு இருக்கிறதா?

இதே பொருளில் இல்லை, இருக்கவும் முடியாது. இரண்டாவது பதிலுக்குத் திரும்புங்கள்: ஆங்கில ஸ்கிரிப்டின் அழகு முழுவதும் மைப்பேனாவின் தடிமன் மாற்றத்திலும் எழுத்துகளின் இணைப்பிலும் இருக்கிறது. தமிழ் நெடுங்காலம் ஓலையில் இரும்பு எழுத்தாணியால் கீறப்பட்டது. எழுத்தாணி தடித்தும் மெலிந்தும் எழுதாது. ஒரே சீரான கோடுதான் போடும். எழுத்துகள் தனித்தனியே நிற்பவை. ஆங்கில ஸ்கிரிப்டின் கோலத்தை அப்படியே தமிழ்மேல் போர்த்தினால் பொய்ச்சாயல் தெரிந்துவிடும்.

ஆனால் தமிழுக்கென்றே வளைவு இருக்கிறது. ழகரத்தின் கீழ்வால், துகர ருகரங்களின் சுற்று, கொம்பின் சுழி ஆகியவை நீளவும் வீசவும் இடம் தருகின்றன. கையெழுத்துச் சாயலில் சாய்ந்து ஓடும் கவிவனார், மென்மையாக வளையும் அரிமா போன்ற எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் ஆங்கில எழுத்தும் உண்டு. ஒரு தாளில் இரு மொழியும் வரும்போது இது பெரிய வசதி. சாதாரணத் தமிழ் எழுத்தை மென்பொருளில் இட்டாலிக் பொத்தானை அழுத்திச் சாய்ப்பது மட்டும் வேண்டாம். வட்டங்களெல்லாம் நசுங்கிய முட்டையாகிவிடும்.

தமிழில் சுழி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இடையில் இருப்பது சிறு கீற்று. ஒகரத்தையும் ஓகாரத்தையும் பிரிப்பது ஒரு சுழி. கெ, கே இரண்டையும் பிரிப்பது கொம்பின் தலையில் உள்ள வளையம். அலங்காரத்துக்காக ஒரு வளையத்தைக் கூட்டினால் குறில் நெடிலாகிவிடும், பெயரே மாறிவிடும். புள்ளியும் அப்படித்தான். மேலே வீசிய கோடு புள்ளியை விழுங்கினால் மெய்யெழுத்து உயிர்பெற்றுவிடும். ஆங்கிலத்தில் கூடுதல் சுழி வெறும் ஆடம்பரம். தமிழில் அது எழுத்துப்பிழை.

அந்த எழுத்துருவைப் போட்டதும் தமிழ் வரிகள் கட்டங்கட்டமாக மாறிவிட்டன. சில இடத்தில் கொம்பு தப்பான பக்கம் நிற்கிறது.

இவை இரண்டு தனித்தனி நோய்கள். கட்டம் வந்தால் அந்த எழுத்துருவில் தமிழே இல்லை என்று பொருள். பெரும்பாலான ஆங்கில ஸ்கிரிப்ட் எழுத்துருக்களில் இருக்காது. தமிழ் வரிகளைத் தேர்ந்தெடுத்து வேறு எழுத்துரு கொடுங்கள். புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக மாறினால், அந்த உரை பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் அடிக்கப்பட்டது. யுனிகோடுக்கு மாற்றிவிட்டு எழுத்துருவை மாற்றுங்கள்.

கொம்பு இடம் மாறினால் குற்றம் எழுத்துருவில் இல்லை, மென்பொருளின் எழுத்துக்கோப்பில் இருக்கிறது. யுனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். திரையில் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

முகநூலில் போட, நகலெடுத்து ஒட்டும் அழகு எழுத்துகளைப் பயன்படுத்தலாமா?

அவை எழுத்துருவே அல்ல. கணிதச் சமன்பாடுகளுக்காக 2001இல் யுனிகோடில் சேர்க்கப்பட்ட குறியீடுகள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அவற்றைப் பெரும்பாலும் சொல்லாகப் படிக்காது. ஒவ்வொன்றையும் கணிதக் குறியீடு என்று நீட்டி முழக்கலாம், மொத்தமாகத் தாவியும் விடலாம். தேடலிலும் பெயர் அகப்படாமல் போகலாம். அழைப்பைப் படமாகப் போட்டு, கீழே அதே விவரத்தைச் சாதாரண எழுத்தில் எழுதிவிடுங்கள்.

திரையில் அருமையாக இருந்தது. அச்சில் கோடுகள் விட்டுவிட்டு வருகின்றன.

மயிரிழையைக் கலவை நிறத்தில் அச்சிட்டிருப்பார்கள். பழுப்போ மெரூனோ நான்கு மைகளின் புள்ளிகளால் ஆவது. கோட்டின் அகலமே ஒரு புள்ளியளவு இருக்கும்போது கோடு எங்கே நிற்கும்? ஒன்று, முழுக் கருப்பு மட்டும், மற்ற மூன்று மைகளும் கலக்காமல். அல்லது தனியாகக் கலக்கிய ஒரே மை. அச்சகத்தில் ஸ்பாட் கலர் என்று சொன்னால் புரியும்.

கருந்தாளில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் கவனம் தேவை. சுற்றியுள்ள மை பரவி மயிரிழையை அடைத்துவிடும். சாதாரண அச்சுக்கே 0.25 பாயின்ட், அதாவது ஏறத்தாழ 0.09 மில்லிமீட்டர், என்பதை மெல்லிய கோட்டுக்கு எல்லையாக வைத்துக்கொள்ளலாம். வெள்ளை எழுத்துக்கும் தங்க ஃபாயிலுக்கும் அதைவிடக் கூடுதல் வேண்டும். எவ்வளவு என்பது தாளையும் இயந்திரத்தையும் பொறுத்தது, ஆகவே வடிவமைக்கும் முன்பே அச்சகத்தைக் கேளுங்கள். மயிரிழை சதைப்பற்றோடு இருக்கும் எழுத்துருவை எடுப்பது எல்லாவற்றையும்விட எளிது. அகலமுனை வகை இங்கே மீண்டும் வெல்கிறது.

இலவசமாகப் பதிவிறக்கிய எழுத்துருவில் சான்றிதழ் அடித்தால் சிக்கல் வருமா?

இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்றிருந்தால், உங்கள் வீட்டு விழாவுக்கு ஆகும். நிறுவனத்தின் சான்றிதழுக்கும் கூலி வாங்கிச் செய்யும் அழைப்பிதழுக்கும் ஆகாது. சில் (SIL) ஓப்பன் ஃபாண்ட் உரிமத்தில் வந்தவை வணிகத்துக்கும் தாராளம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது. கிரேட் வைப்ஸ், பின்யான் ஸ்கிரிப்ட், டாஞ்சரின், அலெக்ஸ் பிரஷ், அல்லூரா ஆகியவை அந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஒரே ஒன்றைச் சொல் என்றால் பின்யான் ஸ்கிரிப்ட் என்பேன்.

மேக் கணினியோடு ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டும் ஸாஃபினோவும் வருகின்றன. அவற்றில் வடிவமைக்கலாம். கோப்பை எடுத்து நண்பருக்கு அனுப்பும் உரிமை அதோடு சேர்ந்து வருவதில்லை.

அச்சகத்துக்கு எழுத்துருவையும் சேர்த்து அனுப்ப வேண்டுமா?

மேலே சொன்ன உரிமக் காரணத்தால் வேண்டாம். எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் அனுப்புங்கள். அவர்கள் கேட்டால் எழுத்தைக் கோட்டுருவாக (அவுட்லைனாக) மாற்றி அனுப்புங்கள், ஆனால் பிழைதிருத்தம் முடிந்தபிறகு. மாற்றியபின் ஓர் எழுத்துகூடத் திருத்த முடியாது. மாற்றாத மூலக் கோப்பை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஸ்கிரிப்ட் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பவை. கோட்டுருவாக மாற்றி, வெறும் விளிம்புக்கோடு மட்டும் கொடுத்தால் ஏறிய இடங்கள் குறுக்குக்கோடுகளாகத் தெரியும். நிறத்தைப் பாதி ஒளிபுகும்படி வைத்தாலும் இணைப்புகள் கருத்துத் தெரியலாம். வினைல் வெட்டும் இயந்திரமோ லேசரோ என்றால் இன்னும் மோசம், ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே வெட்டிப் பெயரைத் துண்டாக்கிவிடும். மாற்றியதும் எல்லா எழுத்தையும் ஒரே உருவாக இணைத்துவிடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் யுனைட், கோரல்டிராவில் வெல்டு.

எழுத்துருவே வேண்டாம், கையால் எழுதுபவரிடம் கொடுத்துவிட்டால்?

பெயர்கள் சிலவே என்றால் அதுதான் சிறந்தது. எழுத்துரு எவ்வளவு மாற்று வடிவம் தந்தாலும் ஒரே எழுத்து ஒரே வளைவோடு மீண்டும் வரத்தான் செய்யும். கை அப்படி எழுதாது. பொதுவான வாசகத்தை அச்சிட்டு, பெயருக்கு மட்டும் இடம் விட்டுக் கொடுங்கள். தாளை முடிவுசெய்யும் முன் எழுதுபவரைக் கேளுங்கள். பளபளக்கும் பூச்சுத்தாளில் மை ஊறாமல் திரளும், மலிவான பஞ்சுத்தாளில் கசியும், கூர்முனை இழைகளைக் கொத்தி இழுக்கும்.

பட்டியலைத் தட்டச்சு செய்து, கேபிடல் எங்கே என்பது தெளிவாகத் தெரியும்படி கொடுங்கள். ஒவ்வொரு பத்துச் சான்றிதழுக்கும் ஓரிரு வெற்றுத்தாள் கூடுதலாக வையுங்கள். எழுதி முடித்தவற்றை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், மை முழுதும் உலரும்வரை விரித்து வைக்க இடமிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.